மல்லாட்டைப் பாலும் தயிரும்: வேலூர் அடுப்படியை வீகனாக மாற்றும் வேலைக்குறிப்பு

வீகன் என்றால் கறி, முட்டை, பால், தேன், தோல், பட்டு என்று உயிரினங்களிடமிருந்து வரும் எதையும் பயன்படுத்தாதது. வடாற்காட்டுச் சமையலில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வீகன்தான். யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, அவ்வளவுதான். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், இட்லி, காரக்குழம்பு, மல்லாட்டைத் துவையல், கத்திரிக்காய் கொத்சு எதிலும் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. கறியை நிறுத்துவதற்கு மனசு போதும், அதில் கைவேலை குறைவு. கைவேலை கேட்பவை மூன்று பொருள்கள்: பால், தயிர், நெய். மூன்றுக்கும் ஒரே மாற்றைத் தேடினால் தோற்றுப்போவோம். பால் டீயின் கடுப்பை அடக்குகிறது. தயிர் புளிப்பும் குளிர்ச்சியும் தருகிறது, பிரியாணியில் மசாலாவைப் பிடித்து வைக்கிறது. நெய்யின் வேலை முக்கால்வாசி வாசனை. எந்த இடத்தில் எந்த வேலை என்று பார்த்து மாற்றினால்தான் சாப்பாடு சாப்பாடாக இருக்கும்.

இந்தப் பக்கத்துக்கு மூலப்பொருள் மல்லாட்டைதான். வேர்க்கடலை என்று எழுதினாலும், 1989-ல் இரண்டாகப் பிரிந்த பழைய வடாற்காடு முழுக்க வாயில் வருவது மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டையாகி, அதுவும் தேய்ந்து மல்லாட்டை ஆனது. ஆரணி, போளூர், செய்யாறு, அணைக்கட்டு பக்கமெல்லாம் விளைகிறது. பாதாம், ஓட்ஸ் என்று அட்டைப்பெட்டியில் விற்பதை வாங்கி இந்த மாற்றத்தைத் தொடங்கினால் மாதக் கடைசியில் பழைய பாலுக்கே திரும்பிவிடுவார்கள். ஒரு கிலோ மல்லாட்டையில் டீக்கான பால் ஐந்து லிட்டர் கிடைக்கும்.

பருப்பு வாங்குவது

தவறு நடப்பது மிக்சியில் இல்லை, மண்டியில். தோலோடு உள்ள பச்சைப் பருப்புதான் வேண்டும், வறுத்தது கூடாது. சுருங்கியது, கறுத்தது, முளை விட்டது, பச்சையாகவோ மஞ்சளாகவோ பூஞ்சை படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட வேண்டும். ஈரத்தில் கிடந்த மல்லாட்டையில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைத் தாக்கும், வீட்டுக் கொதிநிலையில் அழியாது. பாலாகக் காய்ச்சினாலும் அப்படியே இருக்கும். எப்போதாவது ஒரு கை கடலை தின்பவருக்கும், தினமும் அரை லிட்டர் மல்லாட்டைப் பால் குடிக்கும் வீட்டுக்கும் இந்த விஷயத்தில் நிறைய வித்தியாசம் உண்டு.

உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளிப்பது வழக்கம். அந்த ஈரம் சரியாகக் காயாமல் மூட்டையில் கட்டினால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? லாங் பஜாரிலோ மண்டித் தெருவிலோ வாங்கும்போது, "ணா, இது தண்ணி தெளிச்சி ஒடச்சதா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். பதிலைவிடக் கை நம்பகமானது. ஒரு பருப்பை இரண்டாகப் பிளந்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. பிளந்த பருப்பின் நடுவில் சாம்பல் நிறத் தூள் தெரிந்தால் அந்த மூட்டையே வேண்டாம். தோட்டுடன் வாங்கி வீட்டில் உடைப்பது இன்னும் நல்லது, நேரம் இருப்பவர்களுக்கு. ஒரே மூச்சில் பத்து கிலோ வாங்கி வைப்பது வேலூர் வெயிலில் வேண்டாத வேலை. எண்ணெய்ப் பருப்பு சித்திரை, வைகாசிச் சூட்டில் சிக்கெடுத்துவிடும். இரண்டு கிலோ, காற்றுப் புகாத டப்பா, முடிந்தால் ஃபிரிட்ஜ்.

பால்

டீக்கு 100 கிராம் பருப்புக்கு 500 மில்லி தண்ணீர். தயிருக்கு 400 மில்லிதான். பாயசத்துக்கும் 400.

பச்சைப் பருப்பை அப்படியே ஊறவைத்து அரைத்தால் பாலில் பச்சை வாடை அடிக்கும். வீட்டில் மற்றவர்கள் முதல் வாயிலேயே டம்ளரை வைத்துவிடுவதற்கு இந்த வாடைதான் காரணம். பருப்பு நசுங்கித் தண்ணீரும் காற்றும் பட்டவுடன் லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி எண்ணெயை உடைத்து அந்த வாடையைக் கிளப்புகிறது. அரைப்பதற்கு முன்பே சூட்டைக் காட்டி அதை முடக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் பருப்பைப் போட்டு, மூன்று நிமிடம் கடிகாரம் பார்த்து, வடித்துப் பச்சைத் தண்ணீரில் கொட்டிவிடவும். எட்டு, பத்து நிமிடம் விட்டால் புரதம் பருப்புக்குள்ளேயே வெந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு அரைத்தாலும் பால் தண்ணியாகத்தான் வரும், சக்கைதான் கொழுக்கும்.

கொதிநீர் பட்ட பருப்பின் தோல் தேய்த்தாலே கழன்று வரும். தோலை எடுக்காமல் விட்டால் துவர்ப்பும் ஒரு ரோஸ் நிறமும் ஏறும். டீக்குப் பரவாயில்லை, தயிருக்கு ஆகாது. தோல் எடுத்த பருப்பை ஆறு மணி நேரம் ஊறவைக்கவும். கோடையில் நான்கு மணி போதும், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஊறும்போதே புளித்துவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடவும்.

அரைக்கும்போது எல்லாத் தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றினால் பருப்பு பிளேடில் சிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் 100 மில்லி மட்டும் ஊற்றி, வடைமாவுக்கும் மெல்லியதாக, விரலில் நெருடாத விழுது ஆகும்வரை அரைக்க வேண்டும். பிறகு மீதித் தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரானால் பால் கூடுதலாக இறங்கும். வடிகட்டக் கம்பி வடிகட்டி போதாது, நன்றாகத் துவைத்த பழைய மல் வேட்டித் துண்டு சரியாக இருக்கும். சக்கையை ஒருமுறை பிழிந்து, கால் டம்ளர் தண்ணீர் விட்டு மறுபடி அரைத்துப் பிழியலாம், தேங்காய்க்கு இரண்டாம் பால் எடுப்பது போல.

காய்ச்சுவது பசும்பாலைப் போல இல்லை. அடிகனமான, அகலமான பாத்திரம் எடுத்துக்கொள்ளவும். அடுப்பு நடுத்தரத் தீயில். கரண்டி பாத்திரத்தின் அடியைத் தொட்டபடியே இருக்க வேண்டும். கொதி வருவதற்கு முன்பே நுரை பொங்கி மேலே வரும். அதைப் பார்த்துக் கொதித்துவிட்டது என்று இறக்கிவிடுவார்கள். அது வெறும் நுரை. தீயைக் குறைத்து, நுரை அடங்கியபின் உண்மையான கொதி வரும். அங்கிருந்து பத்து நிமிடம். அடிப்பிடித்தால் அந்தக் கருகல் வாசனையை ஏலக்காயும் மறைக்காது, சுக்கும் மறைக்காது. கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். மேலே கெட்டியும் கீழே தண்ணியுமாகப் பிரிந்து நிற்கும், அது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, குலுக்கினால் சேர்ந்துவிடும். புளிப்பு வாசனை வந்தால்தான் கெட்டது.

சக்கையை உடனே பயன்படுத்தவும், வெயில் காலத்தில் மூன்று மணி நேரத்தில் வாடை வரும். ஒரு டம்ளர் சக்கைக்கு ஒரு டம்ளர் அரிசி மாவு, வெங்காயம், பச்சைமிளகாய், முருங்கைக்கீரை சேர்த்து அடை தட்டலாம். இல்லாவிட்டால் பூண்டு, காய்ந்த மிளகாயோடு வாணலியில் உதிரியாக வறுத்து இட்லிப்பொடி போல வைத்துக்கொள்ளலாம்.

டீ, காப்பி

மல்லாட்டைப் பால் டீயில் திரிவதற்குக் காரணம் புளிப்பும் சூடும் ஒன்றாகச் சேர்வது. டிகாஷனும் பாலும் தனித்தனியாகக் கொதித்து, அடுப்பை விட்டு இறக்கியபின் டம்ளரில் சேர வேண்டும். பாலையும் தூளையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைக்கும் நம் வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டியதுதான். இஞ்சி தட்டிப் போடுவதானால் முதலில் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கட்டும். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி உண்டு, கொதியில் அடங்கிவிடும். வெல்லம் பாலைத் திரிக்கும், வெல்ல டீ வேண்டுமானால் பால் சேர்க்காமல் குடிப்பது மேல். பால் குளிர்ந்திருந்தால் டிகாஷனில் ஊற்றியதும் தயிர்த் துணுக்கு போல மிதக்கும், சூடாக ஊற்றினால் மிதக்காது.

ஃபில்டர் காப்பிதான் சிக்கல். டீயைவிடப் புளிப்பு கூட, மல்லாட்டை வாசனையும் காப்பி வாசனையும் ஒத்துப்போவதும் இல்லை. சிக்கரி கலந்த தூளானால் கொஞ்சம் தேவலாம். 70 கிராம் மல்லாட்டைக்கு 30 கிராம் முந்திரி சேர்த்து எடுத்த பால் இன்னும் நன்றாக ஒட்டுகிறது. அதுவும் பிடிக்காதவர்களுக்குச் சுக்குக் காப்பிதான் நேர்மையான பதில்.

தயிர்

இதற்குத்தான் பொறுமை வேண்டும். பசும்பாலில் கேசின் என்ற புரதம் இருக்கிறது, புளிப்பு ஏறியதும் வலைபோலப் பின்னித் தயிராக நிற்கும். மல்லாட்டையில் கேசின் கிடையாது. அதன் புரதங்கள் சூட்டில் விரிந்து, புளிப்பில் சேர்ந்து மென்மையாக இறுகும். அதனால்தான் தயிருக்கான பாலைக் குறைந்தது பதினைந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். டீக்கு எடுத்த பாலில் உறை ஊற்றிப் பார்த்துவிட்டு, "வீகன் தயிர் உறையாது" என்று முடிவுகட்டுவது பரவலான தவறு.

இன்னொரு குறை சர்க்கரை. பசும்பாலில் லாக்டோஸ் இருக்கிறது, நுண்ணுயிர் அதைத் தின்று லாக்டிக் அமிலம் தருகிறது. மல்லாட்டையில் இருக்கும் கொஞ்சம் சர்க்கரையும் ஊறிய தண்ணீரோடு போய்விடும். எனவே அரை லிட்டர் பாலுக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை சேர்க்கவும். இனிக்காது, தயிராகும் முன் தீர்ந்துவிடும். இறுக்கத்துக்கு ஒரு டீஸ்பூன் அரிசி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கொதி முடியும் தறுவாயில் ஊற்றிக் கிளறவும். இன்னும் கெட்டியாக வேண்டுமானால் கடல்பாசி. நோன்பு மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளில் காய்ச்சுகிறார்களே, அதே கடல்பாசி. அது கடலில் வளரும் பாசியிலிருந்து வருவது, மாட்டெலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டின் அல்ல. அரை லிட்டருக்குக் கால் டீஸ்பூன் தூள், அதற்கு மேல் போட்டால் தயிர் கத்தியால் வெட்டும்படி ஆகிவிடும்.

முதல் உறை பச்சைமிளகாய்க் காம்பிலிருந்து. காம்பில் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் இயல்பாகவே தங்கியிருக்கும். புதிதாகப் பறித்த மிளகாயில் தொப்பியோடு எட்டுக் காம்பு கிள்ளி, ஒருமுறை மட்டும் அலசவும். 200 மில்லி தயிர்ப்பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40 டிகிரி அளவுக்கு ஆறவைத்து, காம்புகள் முழுக்க மூழ்கும்படி போட்டு மூடவும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பில்தான் பூஞ்சை பிடிக்கும். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். கிடைப்பது தயிர் என்று சொல்லும்படி இருக்காது: தளர்வாக, லேசான மிளகாய் நெடியோடு, ஓரத்தில் தண்ணீர் விட்டு. அதைச் சாப்பிட வேண்டாம். அதிலிருந்து ஒரு மேசைக்கரண்டி எடுத்து அடுத்த 250 மில்லிக்கு உறை ஊற்றவும். இரண்டாவது சற்றே தேறும். மூன்றாவது சுற்றிலிருந்துதான் சாப்பிடும் தயிர். இளஞ்சிவப்போ கறுப்போ புள்ளி தெரிந்தால், கரண்டியில் எடுக்கும்போது நூல் நூலாக இழுத்தால், அழுகல் வாடை வந்தால் பாத்திரத்தோடு கொட்டி, கொதிநீரில் கழுவி, முதலிலிருந்து.

உறை பிடித்தபின் நேரம் முழுக்க வேலூர் வானிலையின் கையில். வெயில் நாற்பதைத் தாண்டும் வைகாசியில் அடுப்படி மேடையில் வைத்தாலே நான்கு மணி நேரத்தில் உறைந்துவிடும். ஆறு மணி விட்டால் புளித்துத் தண்ணீர் பிரியும். மார்கழிப் பனியில் அதே தயிர் பத்து மணி ஆனாலும் அசையாது. அப்போது ஹாட்பாக்ஸில் வெந்நீர் ஊற்றி அலசிக் கொட்டிவிட்டு, பாத்திரத்தை உள்ளே வைத்துத் துணி சுற்றி மூடவும். இரவு முழுக்க ஆட்டாமல் இருந்தால் விடியும்போது தயிர். உறையும்போது கிளறிப் பார்ப்பது இதற்குப் பிடிக்காது. பசுந்தயிர் ஒரு கலக்கலைப் பொறுத்துக்கொள்ளும், இது மறுபடி கூடாது.

உறையவே இல்லை என்றால் பெரும்பாலும் உறை ஊற்றும்போது பால் சூடாக இருந்திருக்கும். 50 டிகிரிக்கு மேல் போனால் நுண்ணுயிர் செத்துவிடும். பால் ஆறியதுதான், ஆனாலும் உறையவில்லை என்றால் உறை கிழடாகியிருக்கும். எட்டு, பத்துச் சுற்றுக்குப் பிறகு வேகம் குறையும், நாலு புதுக் காம்பைப் போட்டு ஒரு சுற்று விட்டால் உயிர் வந்துவிடும். ஊருக்குப் போவதானால் நல்ல தயிரை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைக்கவும், ஒரு மாதம் கழித்தும் ஒரு கட்டியைப் போட்டால் வேலை செய்யும்.

முதல் உறைக்கு மட்டும் பசுந்தயிர் ஒரு துளி போட்டால் என்ன என்று கேட்பார்கள். பத்துச் சுற்றில் அந்தத் துளி இல்லாத அளவுக்குக் கரைந்துவிடும் என்பது கணக்குப்படி சரிதான். ஆனால் காம்பு இலவசம், மூன்று நாள்தான் கூடுதல். அந்த மூன்று நாளுக்காகப் பிறகு யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

மோர்க்குழம்பு வைக்கும்போது இதைக் கொதிக்கவிடக் கூடாது. அரைத்த தேங்காய் விழுதை முதலில் கொதிக்கவைத்து இறக்கி, ஆறியபின் தயிரைக் கலந்து, நுரை கட்டும் வரை மட்டும் சூடாக்கவும்.

நெய்

நெய்யின் வாசனை கொழுப்பில் இல்லை, வெண்ணெய் உருகும்போது பாலின் திடப்பகுதி சிவப்பதில் இருக்கிறது. எனவே எதையாவது சிவக்க வைக்க வேண்டும். வெண்பொங்கலுக்கு, ஒரு டம்ளர் பச்சரிசி அளவில்: மூன்று மேசைக்கரண்டி மரச்செக்குக் கடலெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், பத்து முந்திரியைக் கரகரப்பாகப் பொடித்த தூள். சிறு தீயில் தூள் பொன்னிறமாகும்வரை கிளறி, அதிலேயே மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை. தூள் கறுத்தால் கசக்கும், அதற்குச் சற்று முன்னதாகவே இறக்கவும். கோயில் விளக்குக்கு நல்லெண்ணெய், அதில் சிக்கலே இல்லை. வனஸ்பதியும் வீகன்தான் என்று சிலர் அதற்குத் தாவுகிறார்கள். 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று விதி வந்துவிட்டது, ஆனாலும் கடலெண்ணெய் கிடைக்கும் ஊரில் அதற்குத் தேவை என்ன?

ஆம்பூர் பிரியாணி, கறியும் தயிரும் இல்லாமல்

அரை கிலோ சீரகச் சம்பாவுக்கு உலர்ந்த மீல்மேக்கர் 100 கிராம். உப்புத் தண்ணீரில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை பிழிந்தால் சோயா வாடை போகும். பிழியாமல் போட்டால் மசாலா உள்ளே ஏறாது, கடித்தால் வெறும் தண்ணீர்தான் வரும். பிழிந்ததை நூறு மில்லி மல்லாட்டைத் தயிர், உப்பு, பாதி மிளகாய் விழுதில் அரை மணி ஊறவைத்து எண்ணெயில் சிவக்க வறுத்துத் தனியே வைக்கவும்.

ஆம்பூர் ருசி பன்னிரண்டு காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து அரைத்த விழுதில் இருக்கிறது, மிளகாய்த்தூளில் வராது. 120 மில்லி எண்ணெய், பட்டை, கிராம்பு, ஏலக்காய், கால் கிலோ வெங்காயம், 60 கிராம் இஞ்சி பூண்டு விழுது, மீதி மிளகாய் விழுது, 200 கிராம் தக்காளி, ஒரு கைப்பிடி புதினா, மல்லித்தழை. தக்காளி வதங்கி எண்ணெய் பிரிந்தபின் தீயைக் குறைத்துத்தான் இன்னொரு நூறு மில்லி தயிரைச் சேர்க்க வேண்டும், ஒரு டீஸ்பூன் கடலைமாவு கலந்து அடித்து. கொதிக்கும் மசாலாவில் நேராக ஊற்றினால் திட்டுத்திட்டாகத் திரியும். ருசி கெடாது, பார்க்க நன்றாக இருக்காது. அரிசியை அரைமணி ஊறவைத்து உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து வடித்து, மசாலாவோடு சேர்த்துப் பதினைந்து நிமிடம் தம். கறியில் இறங்கும் கொழுப்பு இங்கே இல்லாததால் சோறு சீக்கிரம் வறளும், வடித்த கஞ்சியில் கால் டம்ளர் மேலே தெளித்துவிட்டு மூடவும்.

தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் தொக்கு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் அதில் வையுங்கள். எள்ளு, மல்லாட்டை, புளி, நல்லெண்ணெய் என்று அது பிறவியிலேயே வீகன். தால்சா என்ற பருப்புக் குழம்பை மட்டும் வெளியே சாப்பிடுமுன் கேட்டுக்கொள்ளவும், எலும்பு போட்டுத்தான் பெரும்பாலும் வைப்பார்கள்.

ஆற்காடு மக்கன் பேடா என்ற இனிப்பில் பாதி வெற்றிதான். கோவாவுக்குப் பதில் வேகவைத்து மசித்த 200 கிராம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, 60 கிராம் மைதா, ஒரு சிட்டிகை சமையல் சோடா, உள்ளே நறுக்கிய முந்திரி, பாதாம், திராட்சை. சிறுதீயில் பொரித்து வெதுவெதுப்பான பாகில் ஊறவைத்தால் ஜாமூனாக நன்றாக இருக்கிறது. வாயில் கரையும் அந்த மக்கன் பேடா பதம் வரவில்லை. கிழங்கை அதிகம் வேகவிட்டால் தண்ணீர் கோத்து எண்ணெயில் பிளக்கும், எனவே ஆவியில் வேகவைக்கவும்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பது

பச்சைப் புள்ளி என்பது சைவம். பாலும் தேனும் அதற்குள் அடக்கம். அதை நம்பி பிஸ்கட் வாங்கினால் பால் பவுடர் இருக்கும். 2022-ல் வந்த வீகன் உணவு விதிமுறைப்படி தனி முத்திரை உண்டு: பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்து, அதன்மேல் சின்ன இலை. சிறு தயாரிப்பாளர்கள் பலர் அதை வாங்குவதில்லை, எனவே பொருள் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும். அதில் சேர்பொருள்களுக்கு எண் போட்டிருப்பார்கள்: 120 என்ற எண் செம்பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பு. 901 தேன்மெழுகு. 904 அரக்கு, மிட்டாயின் பளபளப்பு பெரும்பாலும் அதுதான். கேசினேட், வே பவுடர் இரண்டும் பால்தான். சோயா பெட்டியில் 'பால்' என்று எழுதாமல் 'பானம்' என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், தாவரப் பொருளுக்குப் 'பால்' என்ற சொல்லைப் போடக்கூடாது என்பது நம் நாட்டு விதி.

பி12, சுண்ணாம்புச் சத்து

வீகன் சாப்பாட்டில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் வைட்டமின் பி12 கிடைக்காது. இட்லி மாவு புளிப்பதிலோ, மேலே சொன்ன தயிரிலோ, கீரையிலோ, சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையிலோ நம்பும்படியான பி12 இல்லை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் முதல் ஓரிரண்டு ஆண்டு ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. கால் மரத்துப்போகும்போது நரம்பு கெட்டிருக்கும். ஒரே வேளையில் உடல் சரியாக உறிஞ்சுவது ஏறக்குறைய இரண்டு மைக்ரோகிராம்தான், மிச்சத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு சேரும். வீகன் என்ற சொல்லோடு 1944-ல் தொடங்கிய பிரிட்டனின் வீகன் சொசைட்டி சொல்லும் அளவு தினமும் 10 மைக்ரோகிராம், இல்லாவிட்டால் வாரத்துக்கு 2000. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு உறிஞ்சுவது இன்னும் குறையும், கர்ப்பிணிகளும் அவர்களும் டாக்டரிடம் ரத்தத்தில் அளவு பார்த்துவிட்டுத் தொடங்கவும். கேப்சூலின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின், எனவே மாத்திரையாகக் கேட்டு வாங்கவும். வைட்டமின் டி3-ம் அப்படியே, வழக்கமாக ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது.

மல்லாட்டைப் பால் பசும்பாலுக்கு ருசியில் மாற்று, சுண்ணாம்புச் சத்தில் இல்லை. அதற்குக் கேழ்வரகு. 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது, அதே அளவு பசும்பாலில் 120தான். தானியத்தில் இருப்பது முழுக்க உடலில் ஒட்டாது என்றாலும், காலையில் கூழும் மதியம் முருங்கைக்கீரையும் ஒரு கரண்டி எள்ளும் இருக்கும் வீட்டில் பெரிதாகப் பயப்பட வேண்டாம். கீரையின் இரும்புச் சத்து சேர எலுமிச்சை பிழியவும், டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கவும்.

செருப்பு, புடவை

தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு தோலில்லாச் செருப்பு தேடுவது வேடிக்கைதான். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ஏற்றுமதிக்குத் தைக்கும் காலணிகளில் சிறு படங்கள் ஒட்டியிருக்கும், அவை உதவும். விரித்த தோல் வடிவம் என்றால் தோல். அதன் நடுவே சாய்சதுரம் இருந்தால் பூச்சுப் பூசிய தோல், அதுவும் தோலே. வலைப்பின்னல் என்றால் துணி. வெறும் சாய்சதுரம் மற்ற பொருள். மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி மூன்றுக்கும் தனித்தனிப் படம், மூன்றையும் பார்க்கவும். ஆரணிப் பட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தபின் 'ஆர்ட் சில்க்' என்று தருவதில் சந்தேகம் வந்தால் ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றமும் விரலில் நொறுங்கும் கரியுமானால் பட்டு. உருகிக் கெட்டி மணியானால் பாலியஸ்டர். காகிதம் எரியும் வாசனை பருத்திக்கும் ரேயானுக்கும்.

ஆடிக் கூழ்

இந்தச் சமையல் முறை பெரிய அளவில் சோதனையாவது ஆடியில்தான். ஐம்பது பேருக்கு இரண்டரை கிலோ கேழ்வரகு மாவை முதல்நாளே தோசைமாவு பதத்தில் கரைத்துப் புளிக்கவிட்டு, அரை கிலோ அரிசி நொய்யை ஆறு லிட்டர் தண்ணீரில் குழைய வேகவைத்து, மாவை ஊற்றி, கையை ஈரமாக்கித் தொட்டால் ஒட்டாத பதம்வரை துடுப்பால் கிளறவும். ஆறியபின்தான் மோர் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் மல்லாட்டை மோர் துகளாகிக் கூழுக்குள் மணல் போல நெருடும். ஒரு கிலோ பருப்பில் நான்கு லிட்டர் பால், அதில் மூன்றரை லிட்டர் தயிர், அதோடு ஆறு லிட்டர் தண்ணீர், உப்பு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய். வீட்டு மிக்சியில் ஒரு கிலோ பருப்பை ஒரே மூச்சில் அரைத்தால் மோட்டார் சூடேறி நின்றுவிடும். கிரைண்டரில் போடவும், அல்லது 200 கிராமாக, நடுவில் பத்து நிமிடம் இடைவெளி விட்டு.

கருவாடு வேண்டுமென்பவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்துவிடுவார்கள், அதில் சண்டை வேண்டாம். கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் கூட்டத்தில் இருக்கலாம், சிலருக்கு அது மூச்சடைக்கும் அளவுக்குப் போகும். மோர் கலக்காத கூழ் ஒரு குண்டான் தனியாக, தனிக் கரண்டியோடு இருக்கட்டும். மற்றதன்மேல் 'மல்லாட்டை மோர்' என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டை.